கூண்டு இல்லாத பிரஸ்

ஜனவரி 23, வியாழன்

சகாயராஜ் அண்ணனின் மூன்று விரல்களை எடுத்தவன் அவருடைய முதலாளி வரதராஜுலு.

இன்று மதியம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்கூட்டருக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கும் ஷெட்டில் நடந்தது. பவர் பிரஸ் சிக்கலான மெஷின் இல்லை. கையால் தகட்டை வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலே இருக்கும் இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். கை வெளியே வந்த பிறகுதான் கால் மிதிக்க வேண்டும். இதை ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை செய்கிற எவனுக்கும் ஒருமுறை தவறும். அதனால்தான் மெஷினுக்கு முன்னால் தகடு நுழையும்படியும் விரல் நுழையாதபடியும் ஒரு கம்பிவலைக் கூண்டு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்த மெஷினில் கூண்டு இல்லை.

சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். அண்ணன் மட்டும் பாக்கி வேலையை முடித்துக்கொண்டிருந்தார். நான் ஷெட்டில் இருந்தேன். சத்தம் கேட்டது. அண்ணன் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

வரதராஜுலு கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்தார். முதலில் மெஷினைத்தான் பார்த்தார். "டைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். டை என்பது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு. விலை உயர்ந்தது.

ஆட்டோவில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு நான்தான் போனேன். சட்டையை அறைக்கு வந்து துவைத்தேன். ரத்தக்கறை பாதி போனது. மீதியை நாளை பார்க்கலாம்.

மறுபடியும் எழுதிவைக்கிறேன்: கூண்டு இல்லை.

ஜனவரி 25, சனி

கேன்வாஸை இழுத்து அடித்தோம். பத்தடி அகலம், ஏழடி உயரம். தமீனா உதவிக்கு வந்தாள். ஓவியக் கல்லூரியில் என் வகுப்புதான், வாணியம்பாடிக்காரி. வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள்.

"டேய் பரிதி, இது படமா, இல்ல கல்யாண மண்டபத்துல ஸ்டேஜுக்குப் பின்னாடி கட்டுற துணியா?"

"இவ்வளவு பெருசு வேணும்."

"எதுக்கு? மெஷினா? ஆளா?"

"ரெண்டும் அசல் அளவுல."

அவளுக்குத் தெரியும், கிண்டலுக்குக் கேட்டாள். போன மாதம் செமினாரில் நான் பேசியதே இதைத்தான். பாரிஸில் 1850 வரை இந்த அளவு யாருக்கு? ராஜாவுக்கு, போரில் செத்த தளபதிக்கு, கிரேக்கக் கடவுளுக்கு. கூலிக்காரனை வரையலாம், தப்பில்லை. ஆனால் சின்னதாக, சாப்பாட்டு அறையில் மாட்டுகிற மாதிரி, முடிந்தால் சிரித்த முகத்தோடு வரைய வேண்டும். கூர்பே என்ற ஓவியன் சாலையோரம் கல் உடைத்த இரண்டு பேரைக் கடவுள் அளவுக்கு வரைந்து கண்காட்சியில் மாட்டினான். ஒட்டுப்போட்ட கால்சட்டை, கிழிந்த சட்டை, பாதம் தெரியும் செருப்பு. பார்க்க வந்தவர்களுக்குக் கோபம் வந்தது. அந்த அழுக்கு அவர்களுக்குப் பழக்கம்தான். அது இவ்வளவு பெரிதாக எதிரில் நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. யதார்த்தவாதம் என்று நாம் பரீட்சைக்குப் படிப்பது அங்கே பிறந்த சண்டை.

ஆனால் அன்று செமினாரில் நான் கூர்பேயைத் திட்டினேன். அவன் அந்த இருவரையும் சாலையில் பார்த்தான், பிறகு தன் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னான். அவர்கள் அங்கே வந்து சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். உடைக்கக் கல் இல்லை. அப்படியென்றால் அது நடிப்பு. நான் போஸ் கொடுக்கச் சொல்ல மாட்டேன், மெஷின் ஓடும்போது, வேலை நடக்கும் இடத்தில் நின்றுதான் வரைவேன் என்றேன். கைதட்டினார்கள்.

அப்படித்தான் எஸ்டேட் வாசல் டீக்கடைக்குப் போனேன். அங்கேதான் சகாயராஜ் அண்ணன் பழக்கமானார். "என் மூஞ்சிய வரைஞ்சு என்ன பண்ணப் போற, ரேஷன் கடையில மாட்டப் போறியா?" என்றார். பிறகு ஷெட்டில் என்னைத் தன் சித்தி மகன் என்று சொல்லி உள்ளே விட்டார். பொங்கலுக்கு முன்னும் பின்னும் தினமும் போய் வரைந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

லீவு. சட்டையை மறுபடி ஊறவைத்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கினேன். ஒற்றைக் கையால் உரிக்க முடியாத பழம் என்பது வார்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. அண்ணனின் மனைவி ஜெயமேரி அக்கா வாங்கி உரித்தார். உரித்ததைக் கணவருக்குக் கொடுக்கவில்லை, என்னிடமே நீட்டினார்.

"வரதராஜுலு சார் ஆள் அனுப்பியிருந்தாரு," என்றார். "இவரு குடிச்சிட்டுப் போய் மெஷின்ல நின்னாராம். கூண்ட இவரே கழட்டிப் போட்டாராம்."

"நாலு வருசமா தொடல மேரி," என்றார் அண்ணன்.

"நாலு வருசத்துக்கு முன்னாடியும் தொடலன்னுதான் சொன்ன. அன்னிக்கு வண்டியோட சாக்கடையில கெடந்த."

அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். அக்கா என்னைப் பார்த்தார். அவர் கையால் மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

"தம்பி, நீ அங்கதான இருந்த. வாடை வந்துச்சா?"

"நான் தள்ளி நின்னுட்டிருந்தேன்கா."

நாலடி தள்ளி. நாலடியும் தள்ளிதான். 'வரவில்லை' என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அதற்கு அடுத்த கேள்வி வரும். அதனால் சொல்லவில்லை. ஆரஞ்சைத் தின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

தொழிற்சங்கத்து மாசிலாமணி கூப்பிட்டு அனுப்பினார். அலுவலகம் சைக்கிள் கடைக்கு மேலே. மின்விசிறி ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, என்னைத் தோழர் என்றுதான் கூப்பிட்டார்.

"கூண்டு இருந்துச்சா, இல்லையா தோழர்?"

"இல்ல."

"மாட்டவே இல்லையா? இல்ல மாட்டியிருந்து கழட்டினதா?"

நான் ஓடாத மின்விசிறியைப் பார்த்தேன்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. முதலாளி மாட்டலன்னா நம்ம கேஸ். தொழிலாளி தன் கையால கழட்டினான்னா அது முதலாளி கேஸ். அவ்வளவுதான் சட்டம்."

"எல்லாரும் கழட்டுவாங்க," என்றேன். "கூண்டு இருந்தா வேலை ஓடாது. எண்ணிக்கை குறைஞ்சா திட்டு விழும். வரதராஜுலு பாத்தும் பாக்காத மாதிரி போவாரு."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த வரிசையில் இருக்கிற மெஷின்களில் பலவற்றின் கூண்டு சுவரோரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே காரை நிறுத்துகிறவர் வரதராஜுலு. என் கோபம் பொய்யில்லை.

ஆனால் சகாயராஜ் அண்ணன் மெஷினில் கூண்டு இருந்தது. அவர் அதைக் கழற்றுவதில்லை. மற்றவர்கள் அதற்காக அவரைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். "வெரல வெச்சுத்தான்டா ஜெபமாலை உருட்டணும்," என்பார்.

மாசிலாமணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்க எதையும் பாக்கல. சாப்பாட்டு நேரம், வெளிய இருந்தீங்க. சரியா? சகாயராஜும் வாயத் தொறக்க மாட்டான். கூண்டே கெடையாது, அதான் நம்ம வாதம்."

சரி என்றேன். அண்ணனுக்கு நல்லது என்பதால் சொன்னேன். படி இறங்கும்போது உடம்பு இலேசாக இருந்தது. அந்த இலேசு எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

கேன்வாஸில் கரிக்கோடு போட்டாயிற்று. மெஷின் இடதுபுறம், அண்ணன் வலதுபுறம், நடுவில் கை. இரும்பு இறங்குவதற்கு முந்தைய நொடி.

என் ஸ்கெட்ச் புத்தகத்தைத் தரையில் பரப்பினேன். பொங்கலுக்கு முன்பிருந்து வரைந்தவை. எல்லாவற்றிலும் கையின் மேல் கம்பிவலை கட்டம் கட்டமாக விழுகிறது. எந்தப் படத்திலும் விரல் முழுதாக இல்லை. அன்றைக்கே எனக்கு எரிச்சலாக இருந்தது.

கம்பி இல்லாத ஸ்கெட்ச் ஒன்றே ஒன்று உண்டு. முடியவில்லை, கட்டைவிரல் வரையவே நேரம் கிடைக்கவில்லை. அதை வைத்துத்தான் கையை வரைகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

லின்சீட் எண்ணெய் தீர்ந்துவிட்டது. மெஸ்ஸில் உப்புமா.

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணன் வீடு, மண்ணூர்பேட்டை. ஜெயமேரி அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் தனியாக உட்கார்ந்து இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சோறு தின்ன முயன்றுகொண்டிருந்தார். பாதி லுங்கியில். நான் உதவப் போனேன்.

"ஒக்காரு. நீ ஊட்டி நான் திங்கவா?"

உட்கார்ந்தேன். டிவியில் ஜெபக்கூட்டம் ஓடியது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்.

"மாசிலாமணி வாயத் தொறக்காதன்னாரு. நான் தொறக்கல. நீ?"

"நானும் தொறக்கலண்ணே."

"நல்லது." ஒரு வாய் தின்றார். "ஆனா அவ எங்கூடப் பேசறதில்ல. சோத்தப் போட்டு வெச்சிட்டுப் போயிடுறா. ராத்திரி எழுந்து என் வாய மோந்து பாக்குறா. தூங்குற மாதிரிக் கெடக்கேன். என்ன பண்றது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவகிட்ட மட்டும் சொல்லேன். கோர்ட்டுக்கு வேணாம், ஆபீசருக்கு வேணாம். இவரு குடிக்கலக்கா, நான்தான் கேட்டேன்னு. நான் சொன்னா குடிகாரன் கத. நீ படிக்கிற புள்ள, நீ சொன்னா நம்புவா."

"கேஸ் முடியட்டும்ணே. இப்பச் சொன்னா அக்கா கோவத்துல வெளிய எங்கயாவது சொல்லிட்டா கேஸே போயிடும்."

"ஆமால்ல," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பூனைத் தட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அதுவும் சரிதான்."

அக்கா திரும்பி வரும் முன் கிளம்பிவிட்டேன். தெருமுனையில் வெள்ளைப் புடவையில் வந்துகொண்டிருந்தார். நான் மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்து, தலைவலி இல்லாமலே மாத்திரை கேட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

தமீனா படத்தைப் பார்த்தாள். முதலில் நன்றாகத்தான் போனது. தரையில் எண்ணெய்க் கசடை நான் வரைந்திருப்பதைத் தொட்டுப் பார்க்க வந்து விரலில் பெயிண்ட் ஆக்கிக்கொண்டாள். "நெசமாவே வழுக்கும் போல இருக்குடா," என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். பிறகு கையின் அருகில் போய் நின்றாள்.

"கம்பி எங்க?"

"என்ன கம்பி?"

"உன் ஸ்கெட்ச் எல்லாத்துலயும் கம்பிவலை இருந்துச்சே. இந்த வலைய வெச்சுக்கிட்டு மனுசன் வரைவானான்னு மெஸ்ஸுல பொலம்பிட்டே இருந்த. உப்புமாவக்கூட திங்கல."

"மெஷின்ல கூண்டு இல்ல. அதான் பிரச்சினையே. அத மாட்டாததாலதான்..."

"பரிதி."

"முதலாளிங்க செய்யுறது கொலை. அதத்தான் நான்..."

"பரிதி, கூண்ட எடுத்தது யாரு?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. தோல் கம்பெனிக்காரன் மகளுக்கு என்ன தெரியும் என்ற மாதிரி ஏதோ. அவள் அப்பா வாணியம்பாடியில் தோல் நனைக்கும் தொட்டியில் வேலை பார்த்தவர், கம்பெனிக்காரர் இல்லை. எனக்கு அது தெரியும்.

அவள் துணியில் விரலைத் துடைத்தாள். பொறுமையாக, நகக்கண் வரை துடைத்தாள்.

"உன் கூர்பே அந்த ரெண்டு பேரையும் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னான்னு திட்டினல்ல. அங்க சுத்தியல் மேலயே நின்னுச்சு. யார் கையிலயும் எறங்கல."

போய்விட்டாள். டர்பன்டைனை மூடாமல் போட்டதில் தலை சுற்றியது.

பிப்ரவரி 15, சனி

கூண்டைக் கழற்றச் சொன்னது நான்.

எழுதிவிட்டேன். எழுதினால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

நான் அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சாப்பாட்டு நேரம், யாருமில்லை, வென்டிலேட்டர் வழியாக வெயில் நேராக டை மேல் விழுந்தது. அப்படி விழுவது கொஞ்ச நேரம்தான். "இத மட்டும் கழட்ட முடியுமாண்ணே, பத்தே நிமிசம்," என்றேன். அவர் யோசித்தார். "சீக்கிரம் வரை," என்று சொல்லி ஸ்பானரை எடுத்தார். போல்ட் இறுகியிருந்தது. நான் கூண்டின் மறுபுறத்தைப் பிடித்துக்கொண்டேன். கழன்றதும் அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தது நான்தான்.

அவர் மறுத்திருக்கலாம். இதையும் எழுதத்தான் வேண்டும்: அவர் மறுத்திருக்கலாம். இந்த வரியை எழுதும்போது எனக்கு வரதராஜுலுவின் குரல் கேட்கிறது.

வரதராஜுலு குற்றவாளி இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அந்த வரிசையின் மற்ற கூண்டுகள் இன்னும் துருப்பிடித்துத்தான் கிடக்கின்றன. அவை கிடக்கட்டும். இந்தக் கூண்டைச் சாய்த்து வைத்தது நான்.

பிப்ரவரி 24, திங்கள்

கல்லூரிக் கண்காட்சி திறந்தாயிற்று. என் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். ஹாலில் அந்தச் சுவரை எனக்குக் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு வேறு சுவர் இல்லை.

ஒரு பெண்மணி கையால் வாயை மூடிக்கொண்டார். கல்லூரிக்கு வெளியே இளநீர் விற்பவர் உள்ளே வந்து நீண்ட நேரம் நின்றுவிட்டு, "இப்ப எறங்கிடுமா?" என்று கேட்டார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். தொழிலாளியை மகா அளவில் வரைவது, பாரிஸ், யதார்த்தவாதம், எல்லாம் கேட்டார். சரளமாகப் பேசினேன். கண்ணால் கண்டதைத்தான் வரைய வேண்டும், கண்டதைக் குறைக்காமல் வரைய வேண்டும் என்றேன்.

"அப்ப அந்த விபத்து நடந்தப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

மாசிலாமணி தூணோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. கேள்விப்பட்டுக் கற்பனையில வரைஞ்சது."

பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். தமீனா பக்கத்தில்தான் நின்றாள். சிரித்தாள். சத்தமில்லாமல், தலையை ஆட்டி.

பிப்ரவரி 26, புதன்

பேப்பரில் படம் வந்துவிட்டது. கலர் பக்கம். அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். பத்துப் பிரதி வாங்கினாராம்.

மார்ச் 3, திங்கள்

மாசிலாமணி இந்த முறை தோழர் என்று சொல்லவில்லை.

"உன் படத்த வரதராஜுலு பாத்தான். பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? இந்தக் கோணம் கெடைக்கணும்னா மெஷினுக்கு அந்தப் பக்கம், தூணுக்கும் தண்ணி டிரம்முக்கும் நடுவுல நிக்கணும். கூண்டு இருந்தா வெரல் இப்படித் தெரியாது. வெயில் அப்படி விழுறது சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான். வரைஞ்சவன் அங்க நின்னிருக்கான், கூண்டக் கழட்டினதுக்கப்புறம் நின்னிருக்கான்னான். சித்தி மகன்னு சொல்லிட்டு வந்த பையன்தான இவன்னு கேட்டான்."

என் படத்தை அத்தனை கூர்மையாக வேறு யாரும் பார்க்கவில்லை. கல்லூரியில் யாரும் பார்க்கவில்லை.

"உன்ன சாட்சிக்கு இழுப்பேங்குறான். இழுத்தா என்ன சொல்லுவ?"

மின்விசிறி இன்று ஓடியது. அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அதான்," என்றார் மாசிலாமணி. "கேஸ வாபஸ் வாங்கிட்டோம். ஏதோ குடுக்குறான். ஆனா கருணையாக் குடுக்குறதாத்தான் எழுதுவானாம். சகாயராஜ் குடிபோதையில இருந்தான், கூண்ட அவனாக் கழட்டினான், கம்பெனி மேல தப்பில்லன்னு கையெழுத்து. இடது கைப் பெருவிரல் ரேகை வெச்சுட்டு வந்துட்டான்."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"வேற வழி இருந்தா காட்டு, ஒத்துக்காதன்னு சொல்றேன்."

படி இறங்கி வந்து சைக்கிள் கடையில் நின்றேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தார்கள்.

ஜெயமேரி அக்காவிடம் இனி சொல்லலாம். கேஸ் முடிந்துவிட்டது. மறைக்க எனக்கு எந்தக் காரணமும் மிச்சமில்லை. இதை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

மண்ணூர்பேட்டை பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில், டன்லப் ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பிப்ரவரி 15 அன்று எழுதியது முழுதில்லை.

கூண்டைக் கழற்றிய பிறகும் அவர் ஜாக்கிரதையாகத்தான் வேலை செய்தார். கை உள்ளே, கை வெளியே, பிறகு கால். தகட்டை வைக்கும்போது அவர் விரல்கள் விசிறி மாதிரி விரியும். வெயில் விரல்களுக்கு நடுவே புகுந்து டை மேல் கோடு போட்டது. அதைப் பிடிக்க என் கரிக்கோலுக்கு வேகம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் நான் வரையத் தொடங்கும்போது கை வெளியே வந்துவிட்டது.

"அப்படியே இருங்கண்ணே," என்றேன்.

கல்லூரியில் மாடலாக வந்து உட்காருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை. போஸ் வேண்டாம் என்று செமினாரில் பேசியவன் சொன்னேன். அவர் கீழ்ப்படிந்தார். கையை டை மேல் அப்படியே வைத்துக்கொண்டு, சரியா இருக்கா என்பதுபோல் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். உடம்பு திரும்பியது. கால் பெடலில் இருந்தது.

மெஷின்மீது குற்றமில்லை. அவர் கவனம் வேலையில் இல்லை, என்மேல் இருந்தது.

மார்ச் 8, சனி

கண்காட்சியின் கடைசி நாள். மாலையில் ஹாலில் ஆள் குறைந்துவிட்டது. சுவரிலிருந்து சின்னப் படங்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். சகாயராஜ் அண்ணன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார். இந்தப் படத்தை நேரில் அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை.

பக்கத்தில் வரவில்லை. முதலில் தூரத்தில் நின்றார்.

"எவ்வளவு பெருசு," என்றார். "ஊர்ல கோயில் திருநாளுக்குச் சப்பரத்துல சொரூபம் வெப்பாங்க, அது மாதிரி இருக்கேன்."

பிறகு அருகில் போனார். சட்டையில் பொத்தான் போன இடத்தை நான் வரைந்திருந்தேன், அதைக் காட்டிச் சிரித்தார். "இதையும் விடல பாரு." தரையை, எண்ணெயை, தண்ணீர் டிரம்மைப் பார்த்தார். கையைக் கடைசியாகப் பார்த்தார். இடது கையை நீட்டினார், தொடவில்லை.

"வெரலு இப்படித்தான் இருந்துச்சா? நான் பாத்ததே இல்ல. வேல செய்றவன் எங்க வெரலப் பாக்குறான்."

"அண்ணே, அக்கா..."

"அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா, ராயபுரம். ரேகை வெச்சது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. குடிச்சத நீயே ஒத்துக்கிட்டியேன்னு கேட்டா. என்ன சொல்ல?"

"நான் போய்ச் சொல்றேன்."

"எப்ப?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். மறுபடி படத்தின் பக்கம் திரும்பினார். அதிலிருக்கும் அவர் முகம் மெஷினைப் பார்க்கவில்லை. கேன்வாஸுக்கு வெளியே யாரையோ பார்க்கிறது. அப்படித்தான் வரைந்திருந்தேன். எவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. பத்திரிகைக்காரர் அதைச் சமூகத்தை நோக்கிய பார்வை என்று எழுதினார்.

"நான் இங்க யாரப் பாக்குறேன்?"

கழற்றுகிறவர்கள் ஏணியை இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவன், "சார், இத எப்ப எறக்கலாம்?" என்று என்னிடம் கேட்டான். அண்ணனே பதில் சொன்னார்.

"இரு. இன்னும் முடியல."

பிறகு என்னிடம் திரும்பினார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து, மீதமிருந்த பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் என் சட்டைக் கையைப் பிடித்தார். பிடி பலமாக இருந்தது.

"தரைய வரைஞ்ச, டிரம்ம வரைஞ்ச, என் கிழிஞ்ச சட்டைய வரைஞ்ச. ஒண்ண விட்டுட்ட. பெயிண்ட எடு. உன்ன வரை."

கைகளில் ஏணியோடு அந்த இருவரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார்.

"இப்ப, என் கண்ணு முன்னாடி வரை. மேரியக் கூட்டிட்டு வரேன், அவ பாக்கட்டும். வரைவியா?"